தலைகீழாகச் சுற்றும் லாரி ஃபேன்

ரோசி அப்பாவுக்கு,

உங்களை எழுப்ப மனசு வரவில்லை. கருவாட்டுக் குழம்பு அடுப்பு மேல் இருக்கிறது.

பழைய ஃபேனைக் கழற்றிக் கரண்ட் ஃபேன் மாட்டியும் லாரி ரேடியேட்டரில் தண்ணீர் கொதிக்கிறது என்று நேற்றுப் புலம்பினீர்கள். "ஃபேன் தப்பா சுத்துதுங்க" என்றேன். "லாரியைப் பத்தி உனுக்கு இன்னா தெரியும்?" என்று கத்தினீர்கள்.

காலையில் ஃபேன் சுவிட்சை மட்டும் போட்டேன். லாரிக்கு முன்னால் கொடியில் கிடந்த உங்கள் லுங்கி பறந்துபோய் பக்கத்து வீட்டு எருமையின் கொம்பில் மாட்டிக்கொண்டது. காற்றை உள்ளே இழுக்க வேண்டிய ஃபேன் வெளியே ஊதுகிறது. ஃபேனின் இரண்டு ஒயரையும் இடம் மாற்றிக் கொடுங்கள்.

கம்பெனிக்குப் போகிறேன்.

சகாயமேரி

பி.கு.: ஃபேன் இன்னும் ஓடுகிறது. அதே கொடியில் போட்டிருக்கும் என் புடவை காய்ந்ததும் ஒயரை மாற்றுங்கள். அதற்குள் பேட்டரி இறங்கிவிட்டால், சாயங்காலம் நானே வந்து லாரியைத் தள்ளுகிறேன்.