உன் கல்லுக்குப் புலி வேண்டாம்

அண்ணே,

ஈரக் கல்தூளுக்கு ஒரு வாடை உண்டு, சுண்ணாம்பும் சூடான இரும்பும் கலந்ததுபோல. போன வாரம் அஞ்சுகிராமம் சாலையில் கல்லறைக் கல் வெட்டுகிற பட்டறையில் அந்த வாடைக்குள் நெடுநேரம் நின்றேன். உன் பெயரைக் கறுப்புக் கல்லில் சாக்பீஸால் எழுதியிருந்தார்கள். பெயருக்கு மேல் சிலுவை. சிலுவைக்கும் மேலே ஒரு புலித்தலை, அதன் பின்னால் குறுக்காக இரண்டு கத்திகள், உச்சியில் ஒரு பாராசூட்.

புலிக்குப் புருவம் இருந்தது. கால்நூற்றாண்டாகக் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். புருவம் வைத்த புலியை வீட்டுக் கேட்டுகளிலும் கார்களின் பின்கண்ணாடியிலும்தான் பார்த்திருக்கிறேன். நீ எந்தக் காலத்தில் விமானத்திலிருந்து குதித்தாய்? வடசேரியில் பஸ் நிற்பதற்கு முன்பே குதித்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டது ஒன்றுதான் எனக்கு நினைவிருக்கிறது.

நீ இருந்தது கோவேறு கழுதைப் படையில். பனிமலையில் வண்டி ஏறாத இடங்களுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் குண்டும் சுமந்துபோகிற கழுதைகளை நடத்திப் போவது உன் வேலை. 'கச்சர்' என்று இந்தியில் சொல்வாய். உன் சட்டைக் கையில் தைத்திருந்த துணிச் சின்னத்தில், மஞ்சள் வட்டத்துக்குள் அந்தக் கச்சரின் தலை மட்டும். கத்தி இல்லை, தீச்சுடர் இல்லை. கீழே ஒரு சமஸ்கிருத வரி. அதற்கு என்ன பொருள் என்று ஒருமுறை கேட்டேன்.

"எனக்கும் தெரியாது, கச்சருக்கும் தெரியாது. ரெண்டு பேரும் ஏறிட்டுதான் கெடந்தோம்" என்றாய்.

நம் பக்கத்தில் பட்டாளத்திலிருந்து வந்தவன் வீடு கட்டினால் கேட்டில் படைச்சின்னம் இரும்பில் ஏறும். பிள்ளையின் கல்யாணக் கடிதத்தில் அச்சாகும். செத்தால் ஃபிளெக்ஸில் ஆள் உயரத்துக்கு வரும். சிங்கம், புலி, கருடன், நாகம், மின்னல் என்று நம் தெருக்களில் தொங்குவதையெல்லாம் சேர்த்தால் ஒரு மிருகக்காட்சிசாலை வைக்கலாம். எல்லாம் வாயைத் திறந்தபடியே இருக்கும். வரைந்தவனுக்கு வீரம் என்றால் பல்லைக் காட்டுவது. பாரம் சுமக்கிற ஒன்றுகூட அதில் கிடையாது.

உன் கேட்டில் நீ எதையும் மாட்டவில்லை. அடக்கம் என்று ஊர் நினைத்தது. அது அலட்சியம் என்று எனக்குத் தெரியும். கொட்டாரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில், சட்டைப் பையில் புலிச் சின்னம் குத்தியிருந்த ஒருவர் உன்னைச் சீண்டினார்.

"கழுதைப் பட்டாளமாவே நீரு?"

நீ அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாய்: "ஆமாவே. மலைமேல உம்ம புலிக்குச் சோறு வேற யாரு கொண்டு தந்தான்னு நெனைச்சீரு?"

பட்டறையில் அந்தப் புலியைத் தேர்ந்தெடுத்தது உன் மகன். உன் கல்லறையில் கல் நடுவதற்காக வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருக்கிறான். படத்தைத் தன் போனிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறான்.

"அப்பா கமாண்டோன்னுதான் அங்க எல்லார்ட்டயும் சொல்லியிருக்கேன் மாமி. கழுதைய வெட்டி வச்சா போட்டோ எடுத்து ஒருத்தனுக்கு அனுப்ப முடியுமா?"

"கல்லு அப்பாவுக்கா, உனக்க போனுக்கா?"

"மாமிக்கு என்ன? எம் பிள்ளைய ஸ்கூல்ல கழுதைக்க பேரன்னு சொல்லுவானுவ."

"கச்சருக்குப் பேரன் கெடையாது மக்கா. அதுக்குக் குட்டியே பொறக்காது. நீ பயாலஜி படிச்சியா இல்லியா?"

கல்வெட்டுகிறவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார். உன் மகன் சிரிக்கவில்லை. "அப்போ ஒண்ணுமே வேண்டாம். பேரு மட்டும் போதும்" என்றான்.

எனக்கு அது வசதியான முடிவு. புலியானாலும் கழுதையானாலும் இந்தச் சின்னங்கள் எல்லாமே எனக்குச் சிறுபிள்ளை விளையாட்டுதான். வளர்ந்த ஆண்கள் சட்டையில் மிருகம் குத்திக்கொண்டு அலைவதை நான் ஒருநாளும் மதித்ததில்லை. உன் மனைவி, மைனி, முடிவை என்னிடமே விட்டிருந்தாள். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் உன் கேட்டை நீ வெறுமையாக விட்டது வெட்கத்தால் அல்ல. இவன் உன் கல்லை வெறுமையாகக் கேட்டது வெட்கத்தால். வெட்டிய கல்லை யாரும் திரும்ப மாற்றப்போவதில்லை. நீ செய்த வேலைக்காக உன் பிள்ளை வெட்கப்பட்ட இடத்தின் கீழே நீ என்றைக்கும் கிடப்பாய்.

"கச்சரை வெட்டுங்க. சிலுவைக்குக் கீழே" என்றேன்.

உன் மகன் காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கல்வெட்டுகிறவர் அதுவரை கோவேறு கழுதை வெட்டியதில்லை. புலியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, சாக்பீஸை வாங்கி நானே வரைந்தேன். அவர் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"டீச்சர், காது ரெம்ப நீளமா கெடக்கே. கொஞ்சம் குறைச்சா குதிரை மாதிரி வரும். பாக்க லெச்சணமா இருக்கும்லா?"

"குறைக்காண்டாம்."

நேற்று கல்லை நட்டார்கள். ஆராதனை முடிந்து வந்த கூட்டத்தில் நாலைந்து பேர் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். உன் மகன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒருவர் என்னிடமே கேட்டார்: "என்ன டீச்சர், அண்ணனுக்குப் புலி கிட்டலியோ?"

அவர் சிரித்து முடிக்கும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். முன்பெல்லாம் எனக்கு இது வராது. யாராவது கேலி செய்தால் படித்த வார்த்தைகளைத் தேடி ஓடுவேன். சும்மா நின்று பார்ப்பது உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அவர்தான் முதலில் கண்ணை எடுத்தார்.

கல்லில் காது இரண்டும் முழு நீளத்துக்கு நிற்கின்றன.