இரண்டு மணி பத்து நிமிடம்

பினாங்கு
4.10.1943

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம். அருந்ததிதான் சுகமில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்காய்ச்சல். பகல் பதினொரு மணிக்கு நடுக்கம் தொடங்கினால் பொழுதுபடும்வரை விடுவதில்லை. ஆஸ்பத்திரியில் மலேரியா என்றார்கள். அதற்கான கொயினா மாத்திரை கையிருப்பில் இல்லையாம். நேற்றுக் காய்ச்சல் விட்ட நேரத்தில், "அப்பான்ர பிளேனில மருந்து வராதோ?" என்று கேட்டாள். விமானத்தை நீங்களே ஓட்டுவதாக நினைக்கிறாள். விமானத் திடல் கந்தோரில் மேசையில் இருந்து காற்றுக் கணக்கு எழுதுகிறவர் என்றால் நம்பமாட்டாள்.

துணிக்கடை பஷீர் அண்ணன் சிங்கப்பூர் வருகிறார். பதினாறாம் திகதி ரயிலேறித் திரும்புவார். கொயினா கிடைத்தால் அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். வேறு வழி தேட வேண்டாம்.

அரிசிப் பங்கீடு மீண்டும் குறைந்துவிட்டது. வீட்டு வளவில் நட்ட மரவள்ளி கைகொடுக்கிறது.

உங்கள்
செல்வநாயகி

ஷோனான், சிங்கப்பூர்
14.10.2603

அன்புள்ள செல்வநாயகிக்கு,

கந்தோர்ப் பழக்கத்தில் ஜப்பான் ஆண்டையே போட்டுவிட்டேன். உமது கடிதம் நேற்றுத்தான் வந்தது, ஒன்பது நாள்.

கொயினா இருபது மாத்திரை கிடைத்துவிட்டது. எங்கள் அதிகாரி தன் பங்கிலிருந்து தந்தார். இன்று பஷீர் வந்தார். அவரிடம் கொடுக்கவில்லை. ரயில் மூன்று நாள் எடுக்கும். நாளைக் காலை ஒன்பது மணிக்கு இங்கிருந்து பினாங்குக்கு ஒரு விமானம் போகிறது. முந்நூற்றெழுபது மைல். எதிர்காற்றைச் சேர்த்தாலும் இரண்டு மணி பத்து நிமிடம். கணக்குப் போட்டவன் நானே. பதினொன்று பத்துக்கு மருந்து அங்கே இறங்கிவிடும். அருந்ததிக்குச் சொல்லும், அவள் கேட்டபடியே வருகிறது.

விமானத் திடல் வாசலில் கிளார்க் சிவகுருநாதன் என்று பெயர் சொல்லிக் கேளும். பெயர் சொல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். பொட்டலம் அவரிடம் இருக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு, காலையும் மாலையும் ஒவ்வொன்று.

மாதக் கடைசியில் எனக்கும் விமானத்தில் ஓர் இடம் தருவதாக அதிகாரி சொல்லியிருக்கிறார். காலையில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பேன்.

அன்புடன்,
குலசேகரம்

பினாங்கு
24.10.1943

அத்தானுக்கு,

உங்கள் கடிதம் நேற்று, சனிக்கிழமை, வந்தது. அதுவும் ஒன்பது நாள்.

பஷீர் அண்ணன் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டார். "பிளேன்ல அனுப்பியாச்சாம் தங்கச்சி. ரெண்டு மணி நேரம்தான்லா, எனக்கு முன்னாலயே வந்திருக்கும்" என்றார். யாரிடம் வரும் என்று அவருக்குத் தெரியவில்லை. தபாற்கந்தோரில் கேட்டேன். புதன்கிழமை மரக்கறி லொறியில் பத்து மைல் போய் விமானத் திடல் வாசலில் நின்றேன். யாரைப் பார்க்க வேண்டும் என்று காவலன் கேட்டான். சொல்ல ஒரு பெயர் இல்லை. திரும்பிவிட்டேன்.

வியாழக்கிழமை விடியற்காலம் அருந்ததி போய்விட்டாள். அன்று பின்னேரமே எல்லாம் முடிந்தது. தந்தி கொடுக்கப் போனபோது, பட்டாளத் தந்தி மட்டும்தான், எங்களைப் போன்ற சனங்களிடம் எடுப்பதில்லை என்றார்கள். அதனால் இதில் எழுதுகிறேன்.

நேற்று உங்கள் கடிதத்தோடு மறுபடியும் போனேன். சிவகுருநாதன் நல்ல மனிதர். "எட்டு நாளா மேசை லாச்சிக்குள்ள வச்சுக்கொண்டிருக்கிறன் தங்கச்சி. பொட்டலத்துக்கு மேல குலசேகரம் எண்டு பேர் மட்டும்தான். வீடு எங்கையெண்டு எழுதேல்லை" என்றார். பதினைந்தாம் திகதி விமானம் சரியாகப் பதினொன்று பத்துக்கு இறங்கியதாம். உங்கள் கணக்கில் பிழை இல்லை.

மாத்திரைகளைப் பக்கத்து வீட்டு ஹபீபா பீவியின் மகனுக்குக் கொடுத்தேன். அவனுக்கும் அதே காய்ச்சல்.

நீங்கள் வருவதானால் ரயிலில் வாருங்கள். எனக்கு இனி அவசரம் ஒன்றும் இல்லை.

செல்வநாயகி