யாரும் கேட்காத எலிக் கணக்கு

மிஸ், இன்று காலை அரிசி டிரம்மை நகர்த்தியதும் எலி செத்த நாற்றம் அடித்தது. சுத்தம் செய்துவிட்டு ஜெபத்துக்கு உட்கார்ந்தேன். கண்ணை மூடியதும் நீங்கள் வந்துவிட்டீர்கள்.

காக்ஸ் டவுனில் என் மகள் ஜாய்ஸ் படித்த பள்ளியில் நூலகம் உங்கள் பொறுப்பு. வருடா வருடம் புத்தகங்களை எண்ணிச் சரிபார்க்க, பெற்றோர் சார்பில் நான் வருவேன். எட்டாவதோடு நின்றவள் நான். மிச்சமெல்லாம் உங்கள் அலமாரிகளில் நானாகப் படித்தது. எட்டாவதோடு நின்றதை நீங்கள் என்னை மறக்கவே விட்டதில்லை. "ஜாய்ஸ் அம்மாவுக்கு எண்ண நல்லா வரும். புரிஞ்சுக்கத்தான் கொஞ்சம் லேட்டாகும்," என்று டீச்சர்கள் நடுவில் சொல்வீர்கள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

நூலகத்துக்குப் பூனை வருவதற்கு முந்தைய வருடம் எலி கடித்த புத்தகங்கள் நாற்பத்தொன்று. வந்த பிறகு ஒன்றுகூட இல்லை. என் நோட்டில் இரண்டும் இருந்தன.

ஒரு குழந்தையை அது கீறியதும், பூனை இருக்கலாமா கூடாதா என்று கமிட்டி கூடியது. ஹெட்மிஸ்ட்ரஸ் என்னிடம் கேட்டார்.

"பூனையால எத்தனை புக்குங்க வீணாச்சு?"

"மூணு மேடம்."

"அது வந்தப்புறம் எலியே இல்ல," என்றீர்கள்.

"அது நீங்க சொல்றது மிஸ். எழுத்துல இருக்கா?" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். வீட்டில் உங்களுக்கு யாருமில்லை. மதியச் சோற்றில் பாதி அந்தப் பூனைக்குத்தான் என்பது எனக்குத் தெரியும். 'அவங்களைக் கேளுங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என்னிடம் உதவி கேட்க உங்களுக்கு வாய் வரவில்லை. நான் நோட்டை மூடினேன். பூனை போகவேண்டும் என்று முடிவானது.

தாழ்வாரத்தில் என்னைப் பிடித்து நிறுத்தினீர்கள். "எலிக் கணக்கு உங்ககிட்ட இருந்துச்சே."

"யாரும் கேக்கலையே மிஸ். எனக்குத்தான் புரிஞ்சுக்க லேட்டாகுமே."

வாட்ச்மேன் பூனையைச் சாக்கில் கட்டி, தொலைவில் ஒக்கலிபுரம் ரயில் பாதையோரம் விட்டுவந்தார். எலிகள் திரும்பின. அலமாரிக்கு அடியில் மருந்து வைத்தார்கள். ஒன்பதாம் நாள் பூனை எலும்பும் தோலுமாக நடந்தே வந்து சேர்ந்தது. பசியில், மருந்து தின்ற எலியைப் பிடித்துத் தின்றது. உங்கள் மடியில் கிடந்து இழுத்துக்கொண்டிருந்தபோது, புத்தகம் திருப்பித்தர வந்த என்னை நிமிர்ந்து பார்த்தீர்கள்.

"எழுதிக்கோங்க ஜாய்ஸ் அம்மா. பூனை ஒண்ணு."

அடுத்த வருடம் புத்தகங்களை எண்ண நீங்கள் இல்லை. உங்கள் அடக்க ஆராதனையில் முன்வரிசையில் நின்று பாடினேன்.

நான் பொய் சொல்லவில்லை என்று கர்த்தரிடம் வெகுநாள் வாதாடினேன். இப்போது விட்டுவிட்டேன். பூனைக்காக மன்னிப்புக் கேட்டாயிற்று, உங்களுக்காகவும் கேட்டாயிற்று. ஆனால் தாழ்வாரத்தில் உங்கள் முகம் வெளுத்ததே, அந்த நிமிஷம் எனக்கு இனித்தது மிஸ். இன்றைக்கும் இனிக்கிறது. அதைக் கர்த்தரிடம் சொல்லத்தான் முழங்கால் மடங்கமாட்டேன் என்கிறது.