எட்டாவது வீட்டின் பின்வாசல்

நனைந்த சுண்ணாம்புச் சுவரின் வாடை இன்று எருத்தேன்பதியில் உங்கள் தெருமுனையிலேயே வந்துவிட்டது. நேற்றைய மழையில் உங்கள் வீட்டின் தெற்குச் சுவர் சரிந்திருக்கிறது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பதினொரு ஆண்டுகளுக்கு முன் இதே தெருவைப் பற்றி எழுதினேன். தமிழக–கேரள எல்லையோரத்தில் பழைய ஓட்டு வீடுகள் காலியாவது குறித்த செய்தி. எட்டு வீடுகள், எட்டுக் கதவிலும் பூட்டு. ‘இத்தெருவில் இப்போது ஒருவரும் இல்லை’ என்று முடித்திருந்தேன்.

அந்த வாரம் வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில், டீக்கடையில் இருந்த என் எதிரே பத்திரிகையோடு வந்து உட்கார்ந்தீர்கள்.

“ஏனுங்க, எட்டாவது ஊட்டுல நான் இருக்கறனுங்க. என்னைய எப்பங்க சுடுகாட்டுக்கு அனுப்புனீங்க? காரியத்துக்குக்கூடச் சொல்லலியே!”

கடையே சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. ஆளில்லாத வீடுதானே, இடித்துவிட்டு இடத்தை விற்கலாம் என்று உங்கள் அண்ணன் மக்கள் கிளம்பியிருந்தார்கள். கூட்டுச் சொத்து.

“பேப்பர்லயே போட்டுட்டாங்கங்கறானுங்க. நீங்களே வந்து பாருங்க.”

வந்தேன். முன்கதவு திறப்பது பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும்தான். அடுப்பு, கட்டில், இரண்டு எருமைகள் என்று அன்றாடப் பிழைப்பெல்லாம் பின்னால், மாடு கட்டும் கட்டுத்தரையை ஒட்டி. எங்கள் வீட்டிலும் அதே வழக்கம். தெரிந்திருந்தும் முன்னால் மட்டும் நின்று எண்ணியிருக்கிறேன்.

இரண்டு நாளில் திருத்தம் வந்தது, மூன்றே வரி. அதை வெட்டிப் பூட்டுக்கு மேலே ஒட்டினீர்கள். “இனி ஆரு கேட்டாலும் படிச்சுக்கட்டுங்க.” அண்ணன் மக்கள் இடிக்கும் பேச்சை விட்டார்கள். வீடு நின்றது. அந்தத் தெருவில் ஒரே ஆளாக நீங்களும் இருந்தீர்கள்.

சந்தை நாட்களில் எட்டிப் பார்ப்பேன். “கணக்கெடுக்க வந்தீங்களாக்கும்? ஒண்ணேதானுங்க. கூடவும் இல்ல, கொறயவும் இல்ல” என்பீர்கள். கிளம்பும்போது, “இன்னொரு டீ குடிச்சுட்டுப் போலாமுங்க” என்று பாலை அடுப்பில் வைப்பீர்கள். பல நாள் அவசரம் என்று சொல்லி எழுந்து வந்திருக்கிறேன்.

போன மாசியில் உங்கள் மகள் கஞ்சிக்கோட்டிலிருந்து போனில் சொன்னாள். நான் வருவதற்குள் இறுதிச் சடங்கெல்லாம் முடிந்திருந்தது.

இப்போது பத்திரிகையில் அதே செய்தியைத் திரும்ப எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அன்று நான் தவறாக எழுதிய வரி இன்று சரி. பூட்டிய வீட்டைப் பின்னால் போய்க் கூப்பிடாமல் காலி என்று குறிப்பதில்லை. உங்களால் வந்த பழக்கம். இன்றும் சுற்றி வந்தேன். ஏழு வீடுகளின் பின்னால் நின்று, “ஊட்டுல ஆருங்க?” என்று கேட்டேன். பதில் இல்லை.

எட்டாவதில் கேட்க முடியவில்லை. அந்த வரியை இன்னும் எழுதவும் இல்லை.