உங்க நம்பரில் நான் திறந்த ஜர்னல்

மேடம்,

பிரிண்டரிலிருந்து சுடச்சுட வந்த தாளை எடுத்துப் பார்த்தால் முதல் பேரே உங்க பேரு. இந்த வருஷம் நம்ம காலேஜ் லைப்ரரிக் கம்ப்யூட்டரில் ஜர்னல்களை அதிகம் திறந்து படிச்சவங்க பட்டியல் அது. நீங்க கண்ணை மூடி எட்டு மாசம் ஆகுது. இருந்தப்பகூட நீங்க முதலிடம் வந்ததில்லை. போன பிறகு இப்படி விழுந்து விழுந்து படிக்கிற ஆளு பெரம்பலூர் ஜில்லாவிலேயே நீங்க ஒருத்தர்தான்.

சிரிக்காதீங்க. பட்டியலில் முதல் பேருக்குப் பொன்னாடை போர்த்தறது நம்ம காலேஜ் வழக்கம். லைப்ரரியன் சார் உள்ளேர்ந்து, “என்ன மல்லிகாக்கா, வந்துடுச்சா?”ன்னு குரல் கொடுக்கிறார். தாளைப் பின்னால மறைச்சுக்கறேன். திருடி நான்தானே.

ஜர்னலெல்லாம் தபாலில் வந்த காலத்தில் உறையைக் கிழிச்சு, சீல் குத்தி, சாய்வு ரேக்கில் அடுக்கறது அட்டெண்டரான என் வேலை. விலங்கியல் பாடம் எடுத்துட்டு நேரா வந்து நிப்பீங்க. உங்களுக்கு ஒரே ஒரு ஜர்னல்தான் கண்ணுக்குத் தெரியும், பூச்சிப் பத்திரிகை. “ஊரே பூச்சிக்கு மருந்தடிக்குது, நீங்க மட்டும் அதுக்கு ஜாதகம் பார்க்கறீங்களே மேடம்”னு ஒருநாள் சீண்டினேன். “ஜாதகம் பார்த்தாத்தானே மல்லிகா, அது எப்ப சாகும்னு தெரியும்”னீங்க. எனக்குச் சமமா வாய் கொடுக்க அந்தக் காலேஜில் வேற யாரு இருந்தா?

அப்புறம் எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ள போயிடுச்சு. ரேக்கில் இப்ப பிள்ளைங்க சாப்பாட்டுப் பையை வைக்குதுங்க.

உங்களுக்கு மருந்து ஏத்த ஆரம்பிச்சு, நீங்க உடையார்பாளையம் வூட்டோட இருந்தப்ப போன் பண்ணீங்க. காலேஜ் நெட்டில்தான் அந்த ஜர்னல் திறக்கும், வூட்டிலேர்ந்து திறக்கலைன்னு அவ்வளவு கோபம்.

“என் லைப்ரரி நம்பரைப் போட்டுத் திற மல்லிகா. இந்த மாசம் என்ன வந்திருக்குன்னு படி.”

“மேடம், நான் அஞ்சாங்கிளாசு. அதுவும் பாதி.”

“இங்கிலீஷ் எழுத்து தெரியுமில்ல? ஒண்ணொண்ணாச் சொல்லு, நான் கோத்துக்கறேன்.”

பஸ் போர்டு படிக்கிற மாதிரி ஆரம்பிச்சேன். “டி, ஈ, ஏ... அப்புறம் ஒரு சந்து வருது மேடம். எம், ஓ, எஸ்...” வார்த்தைக்கு நடுவில் இடம் விட்டிருந்தா அது எனக்குச் சந்து. அந்தப் பக்கம் நீங்க கத்தினீங்க: “போதும், போதும்! நம்ம ஆளுதான்!” உங்கப்பா முந்திரித் தோப்பில் துளிரையெல்லாம் கருக்கிட்டுப் போற தேயிலைக் கொசுப் பூச்சி. அதைக் கண்டதில் உங்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

நீங்க சொன்னதைப் பிரிண்ட் எடுத்துக்கிட்டு சனிக்கிழமை வருவேன். அரியலூரில் பஸ் மாறி வந்து சேர்றதுக்குள்ள தாள் கசங்கிடும். படுத்தபடியே படிப்பீங்க. படிச்சு முடிச்சு, “கேளு மல்லிகா, இது வேப்பமரத்திலயும் குடியிருக்குமாம்”னீங்க. ஜன்னலுக்கு வெளியே நின்ன வேப்பமரத்தை ரெண்டு பேரும் ஒரு முறை முறைச்சோம்.

நீங்க போன மறுமாசம் லைப்ரரியன் சார் சொன்னார், திறக்க ஆளில்லாத ஜர்னலை அடுத்த வருஷம் நிறுத்திடுவாங்களாம். பூச்சிப் பத்திரிகையைத் திறக்க உங்களை விட்டா யாரு? அன்னியிலேர்ந்து, தூசி தட்டினதும் டீக்கு முன்னாடி, உங்க நம்பரைப் போட்டுத் தினமும் ஒரு தடவை திறந்துட்டு வந்தேன். ஒரு தடவைதானேன்னு நினைச்சேன். இந்தக் காலேஜில் தினமும் படிக்கிற ஆளே கிடையாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?

பட்டியலைக் கொண்டுபோய்க் கொடுத்து, “பொன்னாடையைச் சுருட்டி வைங்க சார்”னேன். பார்த்தார். அப்படியே உக்காந்துட்டார்.

“இது யாரு வேலை, அக்கா?”

“நான்தான் சார். ஆளில்லைன்னா நிறுத்திடுவாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க.”

“படிச்சீங்களா?”

“கதவைத் திறந்து விடறவளை உள்ள உக்காந்தியான்னு கேக்கறீங்களே.”

அவர் சிரிக்கலை. திட்டவும் இல்லை. ஸ்கேல் வெச்சு உங்க பேரு மேல கோணாம ஒரு கோடு போட்டார். “இதைக் கழிச்சா அந்த ஜர்னலுக்கு ஒருத்தர்கூட இல்லக்கா. நிஜமாப் படிக்கிற ஆளு ஒண்ணாவது வேணும். வெள்ளிக்கிழமை லிஸ்ட் போயிடும்.” மத்தியானமே உங்க நம்பரை மூடிட்டார்.

நான் விடுவேனா? உங்க இடத்துக்கு வந்திருக்கிற சாரை வராண்டாவில் மடக்கினேன். “சார், பூச்சி படிப்பீங்களா?”

“நான் மீனும்மா.”

“மீனு பூச்சியைத் திங்குமில்ல சார்? அப்படியாச்சும் ஒரு தடவை எட்டிப் பாருங்களேன்.”

நல்லாச் சிரிச்சார். சிரிச்சுக்கிட்டே கிளாசுக்குப் போயிட்டார். வெள்ளிக்கிழமையும் வந்து போயிடுச்சு. பூச்சிப் பத்திரிகையை நிறுத்திட்டாங்க மேடம். என்னால முடியலை.

இப்பவும் தலைப்பெல்லாம் தெரியுது. அதுக்கு நம்பர் வேண்டாமாம். தொட்டாத்தான் பூட்டுப் படம் வருது. லைப்ரரியன் சார் என்னைப் பாவமாப் பார்க்கிறார். எனக்கென்ன புதுசா போச்சு? நான் எப்ப உள்ள போனேன்? நீங்க போய்ப் பார்த்துட்டு வந்து சொல்வீங்க. எனக்கு அது நீங்க போன அன்னிக்கே பூட்டினது.

இந்த மாசம் நாலாவது தலைப்பில் முந்திரி இருக்கு. எழுத்துக் கூட்டி நானே கண்டுபிடிச்சேன். உள்ள என்ன சொல்லியிருக்காங்களோ. ஒரு தாளில் எழுதி மடிச்சுப் பையில் வெச்சிருக்கேன்.

சனிக்கிழமை காய்கறி வாங்கப் போனவ அரியலூர் பஸ் பக்கத்தில் நின்னிருக்கேன். பழகின கண்டக்டர் தம்பி, “உடையார்பாளையமாக்கா? ஏறுங்க, சீட்டு இருக்கு”ன்னார்.

“இல்ல தம்பி, நீங்க போங்க”ன்னேன்.