நம்ம கடை மாலை

12.9.2023, செவ்வாய்

பூங்கோதை சீரியல் ஐந்நூறு எபிசோடைத் தாண்டிவிட்டது. இன்னும் அந்தப் பணக்கார வீட்டில் ஒரே ஒரு சோபாதான். கதாநாயகி தூங்கும்போதும் லிப்ஸ்டிக் அழியவில்லை. யாராவது கதவைத் திறந்தால் ஒன்பது பேர் முகத்தை ஆளுக்கு மூன்று தடவை காட்டுகிறார்கள்.

அத்தை, அதாவது என் மாமியார், ஏழரைக்கு டிவி முன்னால் உட்கார்ந்தால் எட்டு வரை அசையமாட்டார். நான் சீனுக்கு ஒன்று சொல்வேன். "புடிக்கலன்னா எழுந்து போ. எதுக்கு ஒக்காந்து நொட்ட சொல்ற?" என்பார். போகமாட்டேன். நல்ல கதையைவிட மட்டமான கதையைப் பார்ப்பதுதான் எனக்குப் பிடித்தது.

14.9.2023, வியாழன்

காலையில் அத்தை என் போட்டோக் கடைக்கு வந்தார். மேலவீதி வரை தனியாக நடந்தே வந்திருக்கிறார். அரக்குப் பட்டுப்புடவை, மூக்குத்தி, நெற்றி நிறையத் திருநீறு. ஸ்டுடியோவில் ஆள் இல்லையே என்று பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஒரு படம் எடு. நான் போனா மாட்றதுக்கு. கார்த்திகிட்ட சொல்லாத, அம்மான்னு அழுவான்."

இப்படி எடுத்துக்கொள்கிறவர்கள் மாதம் இரண்டு பேராவது வருகிறார்கள். சிரிக்கச் சொன்னேன். "செத்தவ சிரிச்சா நல்லாருக்காது" என்றார். படம் நன்றாகவே வந்தது. பிரேம் போட்டு, பேப்பரில் சுற்றி, கீழ் டிராயரில் வைத்திருக்கிறேன்.

20.9.2023, புதன்

இன்று சீரியலில் மாமியார்க்காரி டாக்டர் சீட்டைத் தூக்கி எறிந்து, மலடி என் வாசலில் நிற்கக்கூடாது என்று பூங்கோதையைத் தெருவில் தள்ளினாள். அத்தையோட மாமியார் காலத்திலேயே இந்த வசனம் பழசாகியிருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அத்தை என் பக்கம் திரும்பினார்.

"சரியாத்தான சொல்றா. அவளுக்கும் இருக்கறது ஒரே புள்ள. எத்தினி வருசம்தான் பாப்பா?"

விளம்பரம் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் டூட்டி முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பஸ்ஸில் ஒரு ரூபாய்ச் சில்லறைக்குச் சண்டை போடுகிற கண்டக்டர், தட்டை விட்டு நிமிரவில்லை.

கல்யாணம் ஆயி பதினோரு வருசம். நானும்தான பாத்துக்கிட்டு இருக்கேன். நான் மட்டும் என்ன, வேணாம்னா சொன்னேன்?

21.9.2023, வியாழன்

ஆரோக்கியராஜ் வந்தான். கடலூர்ப் பையன், சினிமாவில் ஆர்ட் அசிஸ்டெண்ட். மஞ்சக்குப்பத்தில் ஒரு பழைய வீட்டில் பேய்ப்படம் எடுக்கிறார்களாம்.

"அக்கா, செவுத்துல மாட்ட ஒரு ஆயா படம் வேணும். அதான் பேய். கம்ப்யூட்டர்ல பண்ணா பொம்ம மாரி இருக்குது. செத்தவங்க படத்த எந்த வூட்லயும் தரமாட்றாங்க."

டிராயரைத் திறந்தேன்.

"யாருக்கா இது?"

"யாரோ. ஆர்டர் குடுத்துட்டு வாங்க வரல."

உயிரோடு இருக்கிறவர் படத்தின் மேல் மாலை பட்டால்கூட நகர்த்தி வைக்கிறவள் நான். இன்று ரேக்கிலிருந்து, நம்ம கடையில் விற்கிற சிவப்புக் குஞ்சம் வைத்த சந்தன மாலை ஒன்றை எடுத்து நானே மாட்டினேன். கண்ணாடியில் குங்குமமும் வைத்தேன். பேப்பரில் சுற்றி அவனிடம் கொடுத்தேன். மத்தியானம் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

10.2.2024, சனி

மங்கலத்தைப் பார்க்க நானும் அத்தையும் கடலூர் போயிருந்தோம். மங்கலம் என் நாத்தனார். அவள் தெருவில்தான் அந்தப் பேய்ப்படத்தை எடுத்தார்களாம். "ஒத்தை ஜன்னல்", நேற்று ரிலீஸ். அவளுக்குப் பேய் என்றாலே ஜுரம் வரும், வரவில்லை என்றுவிட்டாள். அத்தை போயே தீரணும் என்றார்.

"வேணாம் அத்த. படம் நல்லால்லயாம்."

"நீ எதத்தான் நல்லாருக்குன்னு சொல்லியிருக்க?"

அத்தைக்கு ஒரு கண்ணில் புரை. அவர் போட்டோ எங்காவது ஓரத்தில் மங்கலாகத் தெரியும், தப்பித்துவிடலாம் என்று நினைத்தேன்.

முதல் பாதியில் கதவு மட்டும்தான் நடிக்கிறது. கதாநாயகிக்குப் பயந்த முகமும் பசித்த முகமும் ஒன்றே. இடைவேளைக்குப் பிறகு திரை முழுக்க அத்தை. அரக்குப் புடவை, திருநீறு, மாலை. கண்ணிலிருந்து ரத்தம் வழிந்தது. கதாநாயகன் வந்து அந்த முகத்தைச் செருப்பால் அடித்தான். ஒரு அடி இல்லை, ஏழெட்டு. தியேட்டரே விசில் அடித்தது.

அத்தை கடைசி வரை உட்கார்ந்து பார்த்தார். பஸ்ஸில் ஏறினோம். முட்லூர் தாண்டும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மாலை நம்ம கடை மாலதான?"

பஸ் டிக்கெட்டை மடித்து மடித்துச் சின்னதாக்கினேன்.

"கார்த்திகிட்ட நான் சொல்லமாட்டேன். நீ சொல்லு."

மொத்தப் படத்தில் உருப்படியாக நடித்தது அத்தை மட்டும்தான். இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. சிரிக்கிறேன். என்ன ஜென்மம் நான்?

12.2.2024, திங்கள்

ஏழரைக்கு சீரியல். விளம்பரத்தில், டிவியை விட்டுக் கண்ணை எடுக்காமல்: "சொல்லிட்டியா?"

இல்லை.

19.2.2024, திங்கள்

படத்தை மூன்றே நாளில் தியேட்டரை விட்டுத் தூக்கிவிட்டார்களாம். எங்கள் ஆட்கள் யாரும் பார்க்கவில்லை. அப்பாடா.

"சொல்லிட்டியா?"

3.5.2024, வெள்ளி

கடைக் கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய படத்தை அழித்துவிட்டு வேறு எடுக்கலாம் என்று அத்தையைக் கூப்பிட்டேன். "ஒரு தடவ செத்தாச்சி. போதும்" என்றார். மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிட்டேன். ஆனால் வாயில் வந்தது லைட்டிங், பேக்ரவுண்ட்.

இப்போது சீரியலுக்கு நான் நொட்டை சொல்வதில்லை. வீட்டுக்காரர் கேட்கிறார், என்ன செல்வி, திருந்திட்டியா என்று.

6.10.2024, ஞாயிறு

ஆஸ்பத்திரி. அத்தைக்கு மூச்சுவிட முடியவில்லை. மாஸ்க்கை விலக்கி மகனிடம் சொன்னார்: "எம்படம் கடையில இருக்குது. அதத்தான் மாட்டணும். செல்விக்குத் தெரியும்."

அவர் அழுதார். அத்தை என்னைப் பார்த்தார். கேட்கவில்லை. கேட்கவே வேண்டியதில்லை.

8.10.2024, செவ்வாய்

விடியற்காலை போய்விட்டார்.

11.10.2024, வெள்ளி

கம்ப்யூட்டரிலிருந்து மறுபடி பிரிண்ட் போட்டு பிரேம் செய்தேன். அவரைப் பூக்கடையில் மாலை வாங்கி வரச் சொன்னேன். "எதுக்கு, நம்ம கடை மாலையே போதும்" என்றார். டிவிக்கு மேலே மாட்டச் சொன்னதும் அவர்தான். "ஏழரைக்கு அங்கதான பாத்துக்கிட்டு ஒக்காருவாங்க." ஆணியை நானே அடித்தேன்.

9.1.2025, வியாழன்

பூங்கோதை சீரியலுக்கு நடுவில் விளம்பரம். மாட்டுப்பொங்கல் அன்று மத்தியானம், உலகத் தொலைக்காட்சிகளில் முதன்முறையாக, "ஒத்தை ஜன்னல்".

ஆறு நாள் இருக்கிறது. சொல்லிவிடலாம்.

13.1.2025, திங்கள்

சொல்லவில்லை. மூன்று தடவை பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "என்னா?" என்றார். காபி வேணுமா என்று கேட்டு எழுந்து வந்தேன்.

15.1.2025, புதன்

அத்தை இறந்து இன்னும் வருடம் திரும்பாததால் பொங்கல் கிடையாது. அதிசயமாக அவருக்கு லீவு கிடைத்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு டிவியைப் போட்டார்.

"ஏய், இது நம்ம மங்கலம் தெரு வீடுடி."

"நல்லா இருக்காது. மாத்துங்க."

"அம்மா சொல்றதுதான். நீ எதத்தான் நல்லாருக்குன்னு சொல்லியிருக்க?" என்று சிரித்தார். அத்தை போனதற்கு அப்புறம் இன்றுதான் சிரிக்கிறார். ரிமோட் அவர் தொடைக்கு அடியில் இருந்தது. எட்டி எடுக்கலாம். கரண்ட்டைப் பிடுங்கலாம். இப்பவாவது சொல்லித் தொலைடி என்று எனக்குள்ளேயே கத்தினேன். கதவு ஆடியது, கதாநாயகி அலறினாள், இடைவேளை வந்தது, நான் அவர் பக்கத்தில் முறுக்குத் தட்டோடு உட்கார்ந்தே இருந்தேன்.

அப்புறம் திரையில் அத்தை வந்தார்.

வீட்டுக்காரர் டிவியைப் பார்த்தார். மேலே சுவரைப் பார்த்தார். செருப்படி முடியும்வரை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மாலைகூட நம்ம கடைதுதான?" என்றார். குரல் அப்படியே அவங்க அம்மா குரல்.

"அம்மா பாத்தாங்களா இத?"

"ம்."

"நீ பக்கத்துல இருந்தியா?"

இருந்தேன்.

16.1.2025, வியாழன்

நான் எழுந்திருக்கும்போது அவர் கிளம்பியிருந்தார். மங்கலம் வீட்டில் இருப்பதாக அவள்தான் போன் செய்தாள். "என்னா அண்ணி, அண்ணன் அம்மா படத்த வேட்டில சுத்தி மடில வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கு, ஒண்ணும் பேச மாட்டுது" என்றாள். எப்போது வருவார் என்று கேட்டேன். தெரியவில்லை என்றாள்.

ஏழரைக்கு சீரியல் போட்டேன். பூங்கோதைக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. மாமியார் அவள் காலில் விழுந்து அழுதாள். டிவிக்கு மேலே ஆணி மட்டும் இருக்கிறது. விளம்பரம் வந்தபோது, "சொல்லிட்டேன் அத்த" என்றேன். அதுவும் பொய். நான் சொல்லவில்லை, அவரே பார்த்துத் தெரிந்துகொண்டார்.