மைனருக்கு எடுத்த வீடியோ

மார்ச் 4, செவ்வாய்

தொட்டி வந்துவிட்டது, தண்ணீரைச் சுத்தமாக்கும் ஃபில்டரோடு. சின்னதுதான், டிவி மேசையின் ஓரத்தில் அடங்கிவிட்டது. அதற்காக டிவியை ஒரு சாண் நகர்த்தினேன். சோபாவில் இருந்த இவர் தானும் ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார். ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை. நடு வீட்டில் யானையைக் கட்டினாலும் இந்த மனிதர் தும்பிக்கைக்கு மேலே எட்டித்தான் செய்தி பார்ப்பார்.

"மீன் வளர்க்கப் போறேங்க" என்றேன். "சரி" என்றார். இரண்டு வருடமாக இவருடைய பேச்சில் பாதி இந்தச் "சரி"தான். மீதிப் பாதி தலையாட்டல்.

மகள் போனில், "திடீர்னு என்னம்மா மீன்?" என்றாள். வேலையிலிருந்து வீட்டுக்குள் நுழைந்தால் யாராவது ஒருத்தர் திரும்பிப் பார்க்கட்டும் என்றுதான் என்றேன். சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். சிரிப்பதற்குச் சொன்னதில்லை அது.

மார்ச் 7, வெள்ளி

கடையில் கூட்டமில்லை. மூக்குக்கண்ணாடி ஃபிரேம்களைத் துடைத்து அடுக்கிவிட்டு, போனில் மீன் பார்த்தேன். ஃபைட்டர் மீன், பெட்டா என்றும் சொல்கிறார்கள். நீலம், சிவப்பு, பாதி வெள்ளை பாதி கறுப்பு என்று ஒவ்வொன்றும் பட்டுத்துணியை உதறிவிட்ட மாதிரி போஸ் கொடுக்கிறது. என்னுடைய கல்யாண ஆல்பத்தில்கூட இவ்வளவு எடுப்பான படம் இல்லை.

முதலில் செடி போடுங்கள், தண்ணீர் கொஞ்சம் பழகட்டும், பிறகு மீன் வாங்கலாம் என்றாள் அந்த விற்பனைத் தளத்தில் பதில் போடும் பெண். செடியும் மீனும் அவளே விற்கிறாள். வாங்குகிறேன் என்பவளை இரு என்று நிறுத்துகிறாளே, இவள் எப்படிப் பிழைப்பாள்?

மார்ச் 12, புதன்

செடி வந்தது. ஈரக் காகிதத்தில் சுற்றி, குழந்தைக்குத் துணி சுற்றுவது போல அவ்வளவு பதமாக. அனுபியாஸ் என்ற செடியை மண்ணில் புதைக்கக்கூடாதாம், புதைத்தால் தண்டு அழுகிவிடுமாம். கல்லில் வைத்து நூலால் கட்டவேண்டும். "இந்த நுனியைக் கொஞ்சம் பிடிங்க" என்றேன். சோபாவில் அசைவே இல்லை. பல்லால் கடித்துக்கொண்டு நானே கட்டினேன்.

மார்ச் 16, ஞாயிறு

கூட வந்த இன்னொரு செடி கரைகிறது. இலையைத் தொட்டால் கஞ்சிப் பசை போல விரலோடு வருகிறது. கோபத்தோடு படம் எடுத்து அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். "கரையும் அக்கா. புதுத் தண்ணிக்குப் பழகுற வரைக்கும் பழைய இலை நிக்காது. வேர் இருக்கான்னு பிடுங்கிப் பாத்துடாதீங்க, அது தன்னால வரும்" என்று பதில் போட்டாள்.

பிடுங்கிப் பார்க்கத்தான் இருந்தேன். எப்படித் தெரிந்தது?

மார்ச் 20, வியாழன்

மீன் செத்து வந்தது.

சிவப்பு. பை நிறையத் தண்ணீர், அடியில் ஒரு பூவிதழ் மாதிரி கிடந்தது.

செத்து வந்தால் வேறு மீன் தருவார்கள், ஆனால் அதற்கு ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். ஒட்டின பார்சல் ஒட்டினபடி இருப்பதிலிருந்து மீன் வெளியே வரும்வரை, நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுக்கவேண்டும், சத்தத்தோடு. நானும் எடுத்தேன். டேப் பிரியவில்லை. "என்னங்க, கத்தரிக்கோல் எடுங்க" என்றேன். மூன்று எட்டு வைத்தால் அலமாரி. அவர் போனில் கார் படம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி சொன்னேன். கடைசியில் வீடியோவை நிறுத்திவிட்டு நானே போய் எடுத்துவந்தேன்.

"நடுவுல கட் ஆகியிருக்கே அக்கா, தளத்துக்காரங்க ஒத்துக்க மாட்டாங்க" என்றாள் அவள். அப்புறம் அவளே, "கூரியர் செலவு நான் பாத்துக்கறேன், இன்னொண்ணு எடுத்துக்கோங்க" என்றாள்.

சமையலறையில் நின்று அழுதேன். விரல் நீள மீனுக்கு யாராவது அழுவார்களா? கூடவே இருக்கும் மனுஷன் ஒரு கத்தரிக்கோலுக்குக்கூட எழுந்திருக்கவில்லையே என்றுதான். நான் இந்த வீட்டில் ஓடும் மின்விசிறி. நின்றால்தான் நிமிர்ந்து பார்ப்பார் போல. இனிமேல் இவரிடம் எதையும் இரண்டாவது தடவை சொல்வதாக இல்லை.

மார்ச் 24, திங்கள்

கடைக்கு வந்த ஒருவர் படிக்கிற கண்ணாடி வேண்டவே வேண்டாம் என்று மல்லுக்கு நின்றார், வயதாகிவிட்ட மாதிரி தெரியுமாம். வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன்: "கண்ணாடி போட்டா வயசு தெரியாது சார், விலைச்சீட்டைக் கை நீட்டி எட்டவச்சுப் படிச்சாத்தான் தெரியும்." இரண்டு ஃபிரேம் வாங்கிப் போனார்.

மார்ச் 27, வியாழன்

மைனர் வந்தாச்சு. நீலம், உயிரோடு.

இந்தத் தடவை கத்தரிக்கோல் கையில். போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்து, சோபாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பிரித்தேன். பை அசைந்ததும் ஆள் செவுளை விரித்துக்கொண்டு என்னிடமே சண்டைக்கு வந்தார். வந்த வீட்டில் கால் வைப்பதற்கு முன்னாலேயே இந்த மிடுக்கு, மைனர் என்ற பெயர் அப்போதே விழுந்துவிட்டது.

சந்தோஷத்தில் என் சபதமெல்லாம் மறந்துபோய் இவரைக் கூப்பிட்டேன். என்னங்க, வந்து பாருங்க. என்னங்க. என்னங்க... எதிர் வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. இவர் வரவில்லை.

பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, பொழுது சாயும்போது மைனரை இறக்கினேன். விரலைக் கண்ணாடியில் வைத்தால் கூடவே வருகிறார். வீடியோவைத் தேவையில்லாவிட்டாலும் அந்தப் பெண்ணுக்கு அனுப்பிவைத்தேன்.

மார்ச் 28, வெள்ளி

அவள் பதில்: "மீன் சூப்பர் அக்கா. பின்னாடி இருக்கறது அண்ணனா? தப்பா நினைக்காதீங்க, அவருக்குக் காது கேக்காதா?"

தப்பாகத்தான் நினைத்தேன். வண்டியைத் தெருமுனையில் கேட்டே எந்த வால்வு தட்டுகிறது என்று சொல்கிற மெக்கானிக் இவர். பட்டறையில் அந்தக் காதுக்குத்தான் இவருக்கு மரியாதை. இவருக்கா காது கேட்காது? கேட்காத மாதிரி இருப்பார், அது வேறு வித்தை. இப்படித் தட்டெழுதியும் விட்டேன். அனுப்புவதற்கு முன் வீடியோவை ஒரு முறை போட்டுப் பார்த்தேன்.

என் முதுகுக்குப் பின்னால் நடந்ததை நான் பார்த்ததே இல்லையே.

நான் முதலில் கூப்பிடும்போது அவர் கண் போனிலேயே இருக்கிறது. வேண்டுமென்றே கேட்காத மாதிரி இருப்பவரின் கண் ஒரு நொடியாவது துடிக்கும், கல்யாணம் ஆனவர்களுக்கு அது தெரியும். துடிக்கவில்லை. இன்னும் கத்துகிறேன். ஒன்றுமில்லை. அப்புறம் எதேச்சையாக நிமிர்கிறார். என் தோள் ஆடுவதைப் பார்த்து, நான் ஏதோ பேசுகிறேன் என்று புரிந்து, என் முதுகைப் பார்த்துத் தலையாட்டுகிறார். முகத்தில் ஒரு சிரிப்போடு. நான் திரும்பவில்லை. அவர் இன்னொரு தடவையும் ஆட்டிவிட்டு, கொஞ்ச நேரம் அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

என்னத்தைக் கண்ணாடிக்கடையில் வேலை பார்க்கிறேன் நான்.

மார்ச் 29, சனி

சோதித்தேன். பின்னால் நின்று, "நகையெல்லாம் மீன்காரிக்கு எழுதிக் கொடுத்துட்டேன்" என்றேன். டீயை உறிஞ்சினார். "உங்களையும் சேர்த்துத்தான்." இன்னொரு உறிஞ்சல். முன்னால் வந்து, "தண்ணி வேணுமா?" என்றதும் என் உதட்டைப் பார்த்துவிட்டு, வேண்டும் என்றார்.

சிரிப்பு வந்தது. அப்புறம் வரவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

வீடியோவைக் காட்டினேன். "நீ எப்பவும் வாய்க்குள்ளயே முனகுவ, யாருக்குக் கேக்கும்?" என்றார். எதிர் வீட்டுக்காரருக்குக் கேட்டதே என்றேன். மறுபடி போடச் சொல்லிப் பார்த்தார். போனைக் காதோடு வைத்துக்கொண்டு இன்னொரு முறை.

அப்புறம் மெதுவாகச் சொன்னார். பட்டறையில் இப்போதெல்லாம் இன்ஜின் மேல் உள்ளங்கையை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறாராம். அதிர்வு பொய் சொல்லாதாம். ஆனால் போன மாதம் பெல்ட் கீச்சிட்டுக்கொண்டிருந்த ஒரு வண்டியை, சத்தமே இல்லை என்று அனுப்பிவிட்டாராம். வழியிலேயே நின்று கட்டியிழுத்து வந்திருக்கிறார்கள். "முதலாளி ஒண்ணும் சொல்லல. டயர் பக்கம் கொஞ்சநாள் பாருங்கண்ணேன்னாரு. அங்க காது தேவையில்லல்ல."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு வருடமாக என்னை அலட்சியம் செய்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவரோ நான் எங்கே கண்டுபிடித்துவிடுவேனோ என்று தலையாட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

ஏப்ரல் 2, புதன்

டாக்டரிடம் வர மாட்டாராம். "காதுல மெஷினை மாட்டிட்டுப் போனா எவன் வண்டிய நம்பிக் கொடுப்பான்?" கண்ணாடிக்கடை வசனத்தை எடுத்துவிட்டேன். என்னிடமே வியாபாரமா என்றார். மகள் பேசினாள். அவளுக்கும் "சரி சரி." அவள் என்ன கேட்டாள் என்று கேட்டேன், அவருக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் 5, சனி

இன்று முழுவதும் நானும் தலையாட்டினேன்.

காலையில், "சட்டை எங்க?" என்றார். சிரித்துத் தலையாட்டினேன். "சாப்பிட்டியா?" ஆட்டினேன். "கரன்ட் பில் கட்டியாச்சா?" அதற்கும். மத்தியானம், "என்ன ஆச்சு உனக்கு, வாயத் தொறந்து சொல்லேன்" என்றார். சரி என்றேன். அவ்வளவுதான். மைனரிடம் மட்டும் வாய் நிறையப் பேசினேன், அவர் பார்க்கிற மாதிரி.

சாயங்காலம் டிவியை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். "இப்படித்தான் இருந்துச்சா உனக்கு?"

தலையாட்டினேன். இந்தத் தடவை விளையாட்டுக்கில்லை.

"சரி. நாளைக்கழிச்சுப் போலாம்."

ஏப்ரல் 7, திங்கள்

வருடக்கணக்கில் இரைச்சலில் வேலை செய்கிறவர்களுக்குக் கீச்சுச் சத்தங்கள்தான் முதலில் போகுமாம். பெல்ட், பறவை, பெண்கள் குரல். "அப்ப பொண்டாட்டி குரல்தான் மொதல்ல போகும்ங்கறீங்க. இதுக்குப் போயி மருந்து கேக்குறோமே டாக்டர்" என்றார் இவர். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். நான் கிள்ளினேன். இவர் பயந்திருந்தார், கை சில்லென்று இருந்தது.

ஏப்ரல் 26, சனி

மெஷின் வந்தது. காதுக்குப் பின்னால் பருப்பளவு.

மாட்டியதும் யோசித்தார், யோசித்தார். நேராகத் தொட்டியிடம் போனார். "இந்த ஃபில்டர்ல என்னமோ உரசுது" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கழற்றினார். அதன் குட்டி விசிறிக்குள் கடுகளவு கல். அதை உள்ளங்கையில் வைத்து எனக்குக் காட்டியபோது முகத்தைப் பார்க்கவேண்டுமே. பட்டறைக்குப் போன் போட்டு, திங்கட்கிழமை இன்ஜின் பக்கம் வருகிறேன் என்றார். வரட்டுமா என்று கேட்கவில்லை, சொன்னார்.

மே 10, சனி

இவர் என்னிடம் சொல்லாமல் அந்தப் பெண்ணிடம் இன்னொரு ஆண் ஃபைட்டருக்கு ஆர்டர் போட்டிருக்கிறார், மைனருக்குத் துணையாம். இரண்டு ஆண் ஒரே தொட்டியில் இருந்தால் ஒன்றையொன்று கிழித்துவிடும் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். நடுவில் கண்ணாடித் தடுப்பு வைக்கலாம் என்கிறார். சமையலறைக்குப் போய், "ஆமா, எல்லாம் தெரிஞ்ச மேதாவி" என்று பாத்திரத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"மேதாவியா இல்லாமத்தான் உன் ஃபில்டர் ஓடுதா?" என்றது ஹாலிலிருந்து ஒரு குரல்.

அப்புறம் என்ன, பிடித்துக்கொண்டது. செடி, டிவியை நகர்த்தியது, பழைய சோபா, அவர் அக்கா, என் தம்பி வரைக்கும் போனது. நான் ஒன்று சொன்னால் அவர் இரண்டு சொன்னார். ஒரு வார்த்தையைக்கூட விடவில்லை. நடுவில் மகள் போன் செய்தாள்.

"யாரும்மா பின்னாடி அப்படிக் கத்தறது?"

"உங்கப்பாதான்."

"அப்பாவா!" என்றாள். அப்புறம், "நீங்க பேசிட்டு இருங்கம்மா, நான் நாளைக்குக் கூப்பிடறேன்" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

போனை வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.